மாமாவின் காலைக் கடித்த சுறா

கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, சாம்பல் நிறம் பூசி, அடியில் ஈயக்கட்டி வைத்த ஒரு முக்கோணப் பலகை. பின்பக்கம் லேசாக வளைந்திருக்கும். நுனியில், எப்போதோ கடிபட்டது போல, வேண்டுமென்றே வெட்டிய ஒரு சிறு பள்ளம். கோயில்களுக்கு யானை வாகனமும் குதிரை வாகனமும் செய்துகொடுக்கும் ஆசாரி ஒருவர் அதைச் செய்தார். அவர் அதுவரை சுறாவைப் பார்த்ததில்லை. “பல்லு வைக்கட்டுங்களா?” என்று கேட்டாராம். பல் வேண்டாம், முதுகு மட்டும் போதும் என்றார்கள். அந்த முதுகைப் பாலாற்றுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, புடவைக்கு முறுக்கும் பட்டு நூலை நாலைந்து புரியாகத் திரித்துக் கட்டி, கரையிலிருந்து இழுத்தார்கள். பட்டு நூல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, சீக்கிரம் அறுந்தும் போகாது. என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகப் பார்த்த சுறா அதுதான்.

இப்போது நான் சென்னையில், நாள் வாடகைக்கு விடப்படும் ஓர் எடிட்டிங் அறையில் உதவியாளராக இருக்கிறேன். படத்தொகுப்பில் டிப்ளமா வாங்கியிருக்கிறேன். கதைப்படங்கள் எங்கள் அறைக்கு அதிகம் வருவதில்லை. தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டுகிற டாக்குமெண்டரிகள்தான் வரும். அவற்றில் அணை, உரம், குடும்பக் கட்டுப்பாடு போக மிச்சம் இருப்பவை மிருகங்கள். மானும் முயலும் இல்லை, கடிக்கிற மிருகங்கள். அந்தப் படங்களை ஒட்டித் தருகிறேன், அதற்குச் சம்பளம் வாங்குகிறேன், அவற்றை மனதார வெறுக்கிறேன். அவற்றின் செய்முறை எனக்கு மனப்பாடம். முதலில் அமைதியான தண்ணீர். அடுத்து, அதில் காலை நனைக்கும் ஒரு மனிதர். கிடைத்தால் ஒரு குழந்தை. மூன்றாவதாக மிருகத்தின் கண், மிக அருகில். நான்காவதாக, மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும் ஒரு மத்தளம். ஐந்தாவது அலறல். ஆறாவது சிவப்பு. கவனித்துப் பாருங்கள், மனிதரும் மிருகமும் ஒரே ஷாட்டில் சேர்ந்து வரவே மாட்டார்கள். மிருகம் எங்கேயோ நீந்தும், மனிதர் வேறெங்கேயோ குளிப்பார். இருவரையும் சந்திக்க வைப்பது, கத்தரியும் ஒட்டுநாடாவும் வைத்துக்கொண்டு மேசை முன் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஒருத்தி.

இதையெல்லாம் கற்றுக்கொள்வதற்கு முன்பே, இந்தச் செய்முறைக்குள் என் மாமா அகப்பட்டுக்கொண்டார்.

அவர் அம்மாவின் தம்பி. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். பட்டுத் தறிக்காரர். அதோடு, எங்கள் தெருக்கோடியில் இருந்த சின்னக் கோயிலின் தேருக்கு முட்டுக்கட்டை போடும் முறையும் அவர் குடும்பத்துக்கு உண்டு. தேரை இழுக்க ஊரே வரும். ஆனால் அதைத் திருப்புவதும் நிறுத்துவதும், உருளுகிற சக்கரத்துக்கு அடியில் குனிந்து கட்டை கொடுக்கிற சில பேர்தான். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்னால் ஒரு வருடம், தேர் மூலை திரும்பும்போது கட்டை வழுக்கி, மாமாவின் இடது கால் சக்கரத்தில் போயிற்று. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்து மிதிக்கக் கால் இல்லாததால், அதற்குப் பிறகு வீட்டில் நூல் சுற்றிக்கொண்டும், தறியில் உட்கார்ந்த அத்தையின் நெசவுக்குக் குறை சொல்லிக்கொண்டும் இருந்தார். “சாமி அட்வான்ஸா ஒரு காலை எடுத்துக்கினு போயிருக்குது, மிச்சத்தை மெதுவா வாங்கிக்கும்” என்பார்.

ஆனால் அந்தக் காலுக்காகக் கோயில் அவருக்கு ஒன்று செய்தது. ஒவ்வொரு வருடமும் தேர் நகர்வதற்கு முன்னால், சுவாமிக்குச் சாத்திய பட்டுத் துணியை முதல் பரிவட்டமாக மாமாவின் தலையில் கட்டுவார்கள். அவர் ஊன்றுகோலோடு போய், முட்டுக்கட்டையைத் தொட்டுக் கொடுப்பார். பிறகுதான் வடத்தில் கை வைப்பார்கள். வருடம் முழுக்க அவர் பெண்டாட்டி நெய்ததில் சாப்பிடுகிற மனிதர். தெருவில் அப்படிச் சொல்லவும் செய்தார்கள். தேரன்று மட்டும் அவர் தொடாமல் தேர் அசையாது. அந்த ஒரு காலைப் பொழுதை வைத்துக்கொண்டு மீதி வருடத்தை அவர் சிரித்தபடி ஓட்டினார். அது இல்லாமல் போனால் அவரிடம் என்ன இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. யோசிக்க அவசியமும் வரவில்லை, டைரக்டர் வரும்வரை.

நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். எங்கள் தெருவிலிருந்து சென்னைக்குப் போய், படம் எடுப்பவர்களிடம் மேனேஜராக இருந்த ஒருவர்தான் டைரக்டரை அழைத்துவந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, இதமான குரல். அத்தை கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு, சுறாவைப் பற்றிப் படம் எடுப்பதாகச் சொன்னார். சுறா கடித்துப் பிழைத்த ஒருவரைத் தேடிக் கடற்கரைக் குப்பங்களில் எல்லாம் அலைந்தாராம். கிடைக்கவில்லை. மீனவர்கள் சிரித்தார்களாம். ஒருவர், “சுறாவா? நாங்கதான் சார் அதைக் கடிக்கிறோம்” என்று சொல்லி, உட்காரவைத்துச் சுறாப்புட்டு போட்டு அனுப்பினாராம். இதை டைரக்டரே நகைச்சுவையாகச் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால், கடிபட்ட ஒரு மனிதர் கிடைக்காமல் போனதில் அவருக்கு உண்மையான வருத்தம் இருந்தது. பேசிக்கொண்டே அவர் பார்வை மாமாவின் மடித்துக் கட்டிய வேட்டியில் போய் நின்றதும் எனக்கு நினைவிருக்கிறது. சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“நீங்க ஒரு மீனவரா நடிக்கணும்” என்றார்.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. “சினிமாவா சார்? பாட்டு இருக்குதா?”

“பாட்டு இல்லை.”

“சண்டை?”

“இருக்கு. சுறாவோட.”

“கடைசீல யாரு சார் ஜெயிக்கிறது?”

“சுறாதான்” என்று டைரக்டர் சிரித்தார்.

தறியிலிருந்து அத்தை தலையை மட்டும் நீட்டினார். “தோக்கற வேஷம்னா இவருக்குச் சொல்லியே தர வேணாம். இட்டுக்கினு போங்க சார்.”

டைரக்டர் ‘படம்’ என்றார். நாங்களும் படம் என்றே கேட்டுக்கொண்டோம். எங்கள் தெருவில் படம் என்றால் கதை. கதையில் செத்தவன் அடுத்த படத்தில் எழுந்து வருவான், குருடன் வேஷம் போட்டவன் கார் ஓட்டுவான், யாரும் கணக்குக் கேட்பதில்லை. மெயின் படத்துக்கு முன்னால் ஓடுகிற, ரேடியோச் செய்தி போன்ற குரல் பேசுகிற, ‘இது உண்மை’ என்று ஜனங்கள் நம்பிப் பார்க்கிற அந்த வகை என்று யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்று மணலில் மழைத் தண்ணீர் அகலமாகத் தேங்கியிருந்த இடத்தில் படம் பிடித்தார்கள். கேமராவை உயரத்தில் வைத்துக் கீழே சாய்த்தால் எதிர்க்கரைப் பனைமரங்கள் தெரியாது. மணல் கடற்கரையாகிவிடும், தண்ணீர் கடலாகிவிடும். ஆசாரியின் பலகை பட்டு நூலில் வழுக்கிக்கொண்டு வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள், “ஆ, வருதுபா, ஓடுங்கபா!” என்று ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டார்கள். ரத்தத்துக்கென்று சென்னையிலிருந்து கொண்டுவந்த திரவம் வெயிலில் ஆரஞ்சு நிறமாகத் தெரிந்ததால், மேனேஜர் சைக்கிளில் சாயப்பட்டறைக்குப் போய் ஒரு வாளி அரக்குச் சாயம் கொண்டுவந்தார். அதை மாமாவின் முழங்காலில் கொட்டினார்கள். பிறகு பல நாள் அது போகவில்லை. அத்தை சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து, “போவாத சாயம்னு சொல்லித்தான்யா நாங்க புடவையே விக்கிறோம். இதைப் போயி மேல ஊத்திக்கினு வந்து நிக்கிறியே” என்று திட்டினார்.

முதலில் மாமா பெரிதாகக் கத்தினார். மேடை நாடகத்தில் அரக்கன் விழுவது போல விழுந்தார். கூட்டம் கைதட்டியது. டைரக்டர் அவர் பக்கத்தில் போய்க் குந்தி, தோளில் கை வைத்து, மிகவும் மென்மையாகச் சொன்னார்: “கத்தாதீங்க. நிஜமா கால் போன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ, அதை மட்டும் மனசுல நினைச்சுக்கிட்டு இங்க பாருங்க.” மாமா மணலில் மல்லாந்து கிடந்தார். அவர் முகத்தில் இருந்த வேடிக்கை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கண் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. நான் அப்படி ஒரு முகத்தை அவரிடம் பார்த்ததே இல்லை. அத்தை ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். “போதும், நிறுத்துங்க! நிறுத்துங்கன்றேன்ல!” என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். டைரக்டர் அவரைத் திரும்பிப் பார்க்காமல், கேமராமேனை நோக்கி ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். ஓட்டிக்கொண்டே இரு என்று அர்த்தம். அந்த விரலை நான் மறக்கவில்லை. எடிட்டிங் அறைக்கு வந்த பிறகு அப்படிப் பல விரல்களைப் பார்த்துவிட்டேன்.

அடுத்த வருடம் படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. மாமா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பட்டு வேட்டி கட்டி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. அமைதியான தண்ணீர். சுறாவின் கண். பல் வரிசை. மத்தளம். ஆசாரியின் பலகை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. பாலாற்றங்கரையில் நின்று சிரித்த அதே ஜனங்கள் தியேட்டரில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அலறல். சிவப்பு. பிறகு திரை முழுக்க மாமாவின் முகம். அதன் மேல் அந்தக் குரல், அவசரமே இல்லாமல்: கீழைக் கடற்கரையில் ஓர் ஏழை மீனவர் இவர், ஒரு நாள் கடலின் அரக்கன் இவருடைய காலைக் கொண்டுபோய்விட்டது, சுறாவுக்கு இரக்கம் கிடையாது. யாரும் விசில் அடிக்கவில்லை. முன் பெஞ்சில் ஒரு பெண் ‘த்சொ த்சொ’ என்றாள். நாற்காலி வகுப்பில் உட்கார்ந்திருந்த எங்கள் கோயில் தர்மகர்த்தா எழுந்து, மெயின் படம் தொடங்குவதற்கு முன்பே வெளியே போனார்.

கொஞ்ச நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது. டீக்கடையில் “இன்னா சுறா, டீ சாப்ட்டாச்சா?” என்பார்கள். மாமா பல்லைக் காட்டி, “சாப்பாட்டுக்கு உன் காலு வெச்சிருக்கேன், வூட்டாண்ட வந்து குடுத்துட்டுப் போ” என்பார். தேர் நாள் நெருங்கியபோது தர்மகர்த்தா ஆள் அனுப்பினார். கோயில் மண்டபத்தில் அவர் பேசியதை அம்மாவும் நானும் தூணருகில் நின்று கேட்டோம். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. வருத்தமாகப் பேசினார்.

“உன்னைப் பொய்யன்னு யாரும் சொல்லலைப்பா. தேர்ல போனதை நான் கண்ணால பார்த்தவன். சாமிக்குன்னு போன காலுன்னுதான் உனக்கு மொதல் பரிவட்டம். அதை நீ எடுத்துக்கினு போயி ஒரு மீனுக்குக் குடுத்துட்டே. சாமிகிட்ட குடுத்ததை இன்னொருத்தருக்குக் குடுக்க உனக்கு ஏது பாத்யதை?”

“நடிச்சேங்க. சினிமாதானே?”

“சினிமான்னு அதுல சொல்லலையே. நெசம்னுல்ல சொல்றான். ஊரு ஊரா சொல்றான். எடுத்தவரு வரட்டும். இது நடிப்பு, சுறா கடிக்கலைன்னு ஜனங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னைக்கே கட்டறேன்.”

சினிமாவில் காலை இழக்கலாம். செய்தியில் இழந்தால் அது சாமிக்குச் செய்த துரோகம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த நியாயம் விளங்காது. எனக்கு விளங்கியது.

மாமாவும் நானும் பஸ் ஏறிச் சென்னைக்குப் போனோம். டைரக்டரின் ஆபீஸ் மாடியில் இருந்தது. அவர் எங்களை உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். மாமா முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு அதே இதமான குரலில் சொன்னார்: “நடிப்புன்னு சொன்னா படம் போச்சு. அப்புறம் சுறாவை எவன் நம்புவான்? வில்லன்னு ஒருத்தன் இல்லாம ஜனங்க எதையும் பார்க்க மாட்டாங்க. இது கடலுக்கு வில்லன், அவ்வளவுதான்.”

“ஆனா சுறா கடிக்கலையே சார்” என்றேன் நான்.

அவர் என்னை அன்பாகப் பார்த்தார். “கால் போனது நிஜம்தானேம்மா? நான் எங்க பொய் சொன்னேன்?”

மாமா ஊன்றுகோலை ஒவ்வொரு படியாக வைத்து இறங்கி, தெருவுக்கு வந்த பிறகு, “அவுரு சொல்றதும் நாயந்தாம்மா. காலு போனது நெசந்தானே” என்றார். ஒரு மனிதரின் காலை எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், எடுத்தது சரிதான் என்று அவரையே சொல்லவைக்கத் தெரிந்திருந்தது அந்தக் குரலுக்கு.

அந்த வருடம் பரிவட்டத்தை முட்டுக்கட்டைக்குக் கட்டினார்கள். வேறு யாருக்காவது கட்டியிருந்தால் மாமா சண்டை போட்டிருப்பார். மரக்கட்டையோடு என்ன சண்டை போடுவது? அடுத்த வருடமும் கட்டைக்குத்தான், அதற்கடுத்த வருடமும். தேரன்று மாமாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு போர்வைக்குள் கிடப்பார். தெருவில் தேர் போகும் சத்தத்தை வைத்து, “கட்டையை லேட்டாப் போடறான் பாரு” என்று சுவரிடம் சொல்வார். சினிமா பார்ப்பதை விட்டார். சுறா என்று கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்வதையும் விட்டார். அத்தை மட்டும், மேனேஜர் ஊருக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று அவர் காதுபட, “கடலே இல்லாத ஊருக்கு மீன் புடிக்க வந்தானுங்க” என்பார்.

நான் டிப்ளமா முடித்து இந்த அறைக்கு வேலைக்கு வந்த பிறகு, அதே டைரக்டர் முதலைகளைப் பற்றிய படத்தோடு வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பழைய ஷாட்கள் அடங்கிய டப்பாக்களையும் கொண்டுவந்து போட்டார்கள். வேலை நிமித்தம் அவற்றைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அந்தச் சுறாவை முழுசாகப் பார்த்தேன். வலையில் மாட்டி, மூச்சு முட்டிச் செத்து, மணலில் கிடந்தது. வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு குச்சியை நட்டு வைத்திருந்தார்கள். கண்ணில் ஈ உட்கார்ந்திருந்தது. ஈயை ஒரு கை விரட்டியது, பிறகு கேமரா அந்த வாயை நோக்கி விரைந்தது. திரையில் அதுதான் நம்மை நோக்கிப் பாய்ந்து வந்த சுறா. அது கடித்ததாகச் சொல்லப்பட்ட ஒரே கால், அது பிறப்பதற்கும் முன்னால் தேர்ச் சக்கரத்தில் போன கால்.

முதலைப் படத்துக்கும் கடிபட்டவர் கிடைக்கவில்லை போலும். மேனேஜர் ஒரு டப்பாவை என் மேசையில் வைத்து, என் முகத்தைப் பார்க்காமல், “நம்ம பாலாத்து ஷாட்டை இதுல போட்டுக்கலாம்ன்றாருமா. மூஞ்சி வேணாம், ஏற்கெனவே ஒரு படத்துல வந்துடுச்சு. காலு மட்டும் போதும்” என்றார். முகம் முடிந்து கால் தொடங்கும் இடத்தில் மெழுகுப் பென்சிலால் கோடும் போட்டிருந்தார்.

என் முன்னால் இருந்த வழிகளை வழக்கம் போல ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ஒன்று, ஒட்ட மாட்டேன் என்று சொல்வது. சொன்னால் அடுத்த அறைப் பையன் ஒட்டுவான். இரண்டு, அந்தத் துண்டைக் கிழித்துப் போடுவது. நெகட்டிவ் அவர்களிடம் இருக்கிறது, இன்னொரு பிரிண்ட் எடுப்பார்கள். மூன்றாவதை எழுதும்போதே கை நின்றது. படம் எப்படியும் எங்கள் ஊருக்கு வரும். காலை மட்டும் பார்த்தால் யாருக்கும் யாருடையது என்று தெரியாது, முகத்தைப் பார்த்தால் ஊருக்கே தெரியும். தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, பென்சில் கோட்டுக்கு மூன்றடி முன்னால் வெட்டினேன். மூன்றடி பிலிம் என்றால் திரையில் இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியும் மாமாவின் முகம். போட்டுப் பார்த்தபோது மேனேஜர் வெளியூரில் இருந்தார். டைரக்டர் விளக்கு எரிந்ததும் என் பக்கம் திரும்பி, “அந்த மூஞ்சி ரொம்ப நல்லா இருக்கே. யார் அந்த ஆள்?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ரீலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் அது ஓடிய முதல் நாளே போய், பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். அமைதியான தண்ணீர். கண். மத்தளம். சிமெண்ட் தொட்டியில் கிடந்த ஒரு முதலை, வாயைத் திறந்தது. அலறல், சிவப்பு. மாமாவின் முகம். அந்தக் குரல் ‘ஆற்றின் அரக்கன்’ என்று தொடங்கியபோது, பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்:

“டேய், நம்ம சுறாடா!”

“இப்ப மொதலையாம்பா!”

“எத்தினி காலுபா அந்தாளுக்கு?”

“ரெண்டுதான். ஒண்ணை வாடகைக்கு விட்டுக்கினு கீறாரு!”

தியேட்டர் அதிர்ந்தது. விசில், கைதட்டல், பெஞ்சை உதைக்கும் சத்தம். அந்தக் குரல் இரக்கம், கொடூரம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனது. ஒரு வார்த்தையும் யார் காதிலும் விழவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் குரலைப் பார்த்து ஜனங்கள் சிரித்ததைக் கேட்டேன். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

தர்மகர்த்தா தானே மாமாவின் வீட்டு வாசலுக்கு வந்தார். “காலு ஒண்ணு, கடிச்சது ரெண்டு. அப்போ ரெண்டுமே பொய்யின்னு ஊருக்கே வெளங்கிடுச்சுப்பா. எடுத்தவன் வாயால சொல்லணும்னு இனிமே இல்லை. தேருக்கு வந்துடு” என்றார்.

மாமா நூல் கண்டைக் கீழே வைத்தார். பிறகு, “சீக்கிரம் கட்டிடுங்க சாமி. அடுத்து புலி வந்தாலும் வந்துடும்” என்றார். உள்ளே தறி ஓடும் சத்தம் நின்றிருந்தது. இந்த வருடத் தேரில் அவர் தலையில் பட்டு கட்டினார்கள். ஊன்றுகோலோடு போய்க் கட்டையைத் தொட்டுக் கொடுத்தார். அத்தை கூட்டத்தில் நின்று, அதைப் பார்க்காமல், எங்களைப் பார்த்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் ஹாஸ்டல் அறையில் கூட இருப்பவள் கொள்ளிடக் கரைக்காரி. போன விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவள், துணிகளை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள். அவர்கள் ஊர் வாய்க்கால் முனையில் ஒரு கிழட்டு முதலை காலங்காலமாகக் கிடந்ததாம். அது கரையில் வெயில் காயும், இவர்கள் அந்தப் பக்கம் துணி துவைப்பார்களாம்; ஒரு கோழியைக்கூட அது தொட்டதில்லையாம். டவுன் தியேட்டரில் ஏதோ ஒரு படம் பார்த்துவிட்டு வந்தவர்கள், அவளுடைய அண்ணன்மார்கள் உட்பட, மறுநாள் கடப்பாரையோடு போய் அதை அடித்துக் கொன்றுவிட்டார்களாம். தோலைக்கூட யாரும் எடுக்கவில்லையாம், நாற்றம் தாங்காமல் மண்ணைத் தள்ளி மூடினார்களாம்.

“நீயும் பார்த்தியா அந்தப் படத்தை?” என்றேன்.

“பார்த்தேன். மொதல்ல சும்மா கதை விடறான்னுதான் நெனச்சோம். தொட்டியில கெடக்கற மொதலைன்னு எங்களுக்குத் தெரியாதா என்ன? ஆனா அந்த மனுஷன் மொகத்தைக் காட்டினாம் பாரு, ரெண்டே செகண்டு. அதை எவனும் நடிக்க முடியாதுடி. அதுக்கப்புறந்தான் நாங்க நம்புனோம்.”